இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓர் அரங்கு

ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எடிசனின் 1877ஆம் ஆண்டு ஃபோனோகிராஃபிலிருந்து தொடங்குவர். ஒலியைப் பிடித்து வைக்கும் கலையின் வரலாறு அது. அந்த ஒலி எத்திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பிடித்து வைப்பதற்கோ தனியாக ஒரு வரலாறு உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீட்டில் நல்ல ஸ்டீரியோ அமைக்க விரும்பும் இசைப்பிரியர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை அந்த இரண்டாம் வரலாற்றில்தான் இருக்கிறது. எந்த சிடி பிளேயரை வாங்கினால் ஒலியரங்கு விரிந்து தோன்றும் என்பதே அக்கேள்வி. சில ஆயிரம் ரூபாயிலிருந்து சில லட்சம் ரூபாய் வரை விலை சொல்லப்படும் பொருள் இது. ஆகவே கேள்வி பொழுதுபோக்கானதன்று. பணத்தைப் பற்றியது, அதனினும் மேலாக, கேட்டதை உள்ளபடி சொல்லும் நேர்மையைப் பற்றியது.

ஒலியரங்கு என்று நாம் எதைச் சொல்கிறோம்? இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு எதிரே அமர்ந்து ஒரு நல்ல இசைத்தட்டைக் கேட்கும்போது வயலின்கள் இடப்புறம் பரவி நிற்கின்றன. செல்லோக்கள் வலப்புறம் ஒலிக்கின்றன. பாடுபவர் நடுவில், சற்றே பின்தள்ளி நிற்கிறார். நடுவில் ஒலிபெருக்கி எதுவும் இல்லை. வெறும் சுவரே உள்ளது. ஆயினும் குரல் அங்கிருந்துதான் வருகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடரங்குக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு வகுக்கிறது. அந்த அரங்கைக் கோல்கொண்டு அளக்கலாம். இந்த அரங்குக்கு மரமும் இல்லை, தூணும் இல்லை. கேட்பவரின் மூளைக்குள் எழுந்து, இசை நின்றதும் மறைகிறது. இதை எழுப்புவது யார் என்பதே வரலாறு நமக்குச் சொல்ல வேண்டியது.

*

1881இல் பாரிஸில் பன்னாட்டு மின்னியல் கண்காட்சி நடைபெற்றது. கிளெமான் அதேர் என்னும் பொறியாளர் பாரிஸ் ஓபரா மேடையின் முன்விளிம்பில் தொலைபேசி ஒலிவாங்கிகளை வரிசையாகப் பொருத்தி, கம்பிகள் வழியே கண்காட்சி நடந்த மாளிகைக்கு இசையைக் கொண்டுவந்தார். கேட்க வந்தவர்களின் கையில் இரண்டு செவிக்குழல்கள் தரப்பட்டன. ஒன்று மேடையின் இடப்புற ஒலிவாங்கியோடும் மற்றொன்று வலப்புற ஒலிவாங்கியோடும் இணைக்கப்பட்டிருந்தது. பாடகர் மேடையில் இங்குமங்கும் நடப்பதைக் காணாமலே உணர முடிந்தது. முதிய விக்டர் யூகோ அவ்வாண்டு நவம்பரில் பேரக்குழந்தைகளோடு சென்று இதைக் கேட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பின்னர் இது தியேத்ரோஃபோன் என்னும் பெயரில் கட்டணச் சேவையாகவும் நடந்தது.

இவ்வாறு நிகழ்வது ஏன் என்பதற்கான விளக்கத்தை 1907இல் ரேலி பிரபு அளித்தார். இடப்புறத்து ஒலி இடச்செவியை முதலில் அடைகிறது. வலச்செவியைச் சற்றுத் தாழ்ந்து அடைகிறது. தலையின் அகலத்தைக் கடக்க ஒலிக்கு ஆகும் நேரம் அதிகபட்சம் ஏறத்தாழ 650 மைக்ரோ நொடி. அதாவது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 650 பங்கு. தாழ்ந்த சுருதிகளில் இந்தக் கால வேறுபாடும், உயர்ந்த சுருதிகளில் தலை மறைப்பதால் உண்டாகும் ஒலியளவு வேறுபாடும் திசையைக் காட்டுகின்றன. 1956இல் கிளம்ப், ஈடி என்னும் இருவர் அளந்தபோது, பயிற்சி பெற்ற செவிகள் 10 மைக்ரோ நொடி அளவிலான வேறுபாட்டைக்கூடக் கண்டுகொள்வது தெரியவந்தது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குறுந்தகட்டின் வரலாற்றில் இது மீண்டும் வரும்.

*

செவிக்குழலில் இடச்செவிக்கு இடக்கம்பி, வலச்செவிக்கு வலக்கம்பி என்று பிரித்துவிடலாம். அறைக்குள் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்தால் அவ்வாறு பிரிக்க இயலாது. ஒவ்வொரு செவியும் இரண்டு பெட்டிகளையும் கேட்கும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஆலன் ப்ளம்லைன். 1903இல் லண்டனில் பிறந்தவர். இஎம்ஐ நிறுவனத்துப் பொறியாளர். மனைவியோடு திரைப்படம் பார்க்கச் சென்றபோது, நடிகர் திரையின் ஒரு கோடியில் இருக்க அவர் குரல் வேறோரிடத்திலிருந்து வந்தது கண்டு இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று அவர் சொன்னதாகக் கூறுவர். 1931 டிசம்பர் 14 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933இல் அது 394,325 என்னும் எண்ணோடு வழங்கப்பட்டது.

அதன் சாரம் இதுதான். இரண்டு செவிகளும் இரண்டு பெட்டிகளையும் கேட்பதைத் தடுக்க வேண்டியதில்லை, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். இரு பெட்டிகளிலும் ஒரே ஒலியை, ஒரே கணத்தில், அளவில் மட்டும் வேறுபடுத்தி ஒலிக்கச் செய்தால், இரு ஒலிகளும் ஒவ்வொரு செவியிலும் கலக்கின்றன. அவ்வாறு கலக்கும்போது தாழ்ந்த சுருதிகளில் அந்த அளவு வேறுபாடு செவிகளுக்கிடையே கால வேறுபாடாக மாறிவிடுகிறது. இயற்கை தரும் அதே குறிப்பு செயற்கையாகக் கிடைத்துவிடுகிறது. ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு அலைகளைச் செதுக்கும் முறையும் அந்தக் காப்புரிமையிலேயே இருந்தது. 1934 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்திய மொசார்ட்டின் ஜூப்பிட்டர் சிம்ஃபனி ஒத்திகை இம்முறையில் பதியப்பட்டது. 1935இல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் கடப்பதை ஒலியோடு படம்பிடித்தார்கள்.

அந்நாளில் இதற்குச் சந்தை இல்லை. நிறுவனம் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்தது. ப்ளம்லைன் தொலைக்காட்சிக்கும், போர் வந்ததும் ராடாருக்கும் திரும்பினார். 1942 ஜூன் 7 அன்று எச்2எஸ் ராடாரைச் சோதிக்கப் பறந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் வேல்ஸ் எல்லையருகே வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த 11 பேரும் மாண்டனர். அவர்களுள் ப்ளம்லைனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 38. ராடார் இரகசியம் என்பதால் அவர் மரணமும் சில காலம் வெளியே பேசப்படவில்லை. தாம் கண்டுபிடித்த தட்டு கடைகளில் விற்பதைக் காண அவர் இருக்கவில்லை.

*

அதே காலத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தார் வேறு வழியில் சென்றனர். 1933 ஏப்ரல் 27 அன்று ஃபிலடெல்ஃபியா இசைக்குழு தன் நகரத்தில் வாசிக்க, மூன்று கம்பி வழிகளில் அந்த இசை வாஷிங்டன் அரங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குழுவின் தலைவர் ஸ்டோகோவ்ஸ்கி ஃபிலடெல்ஃபியாவில் இல்லை. வாஷிங்டனில் கட்டுப்பாட்டுக் கருவிகளின் முன் அமர்ந்து ஒலியைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்தார். இசையமைப்பைக் கையாள்பவர் போல ஒலியரங்கைக் கையாள்பவரும் ஒரு கலைஞர் என்பது அன்று முதன்முதலாகப் பொது மேடையில் புலப்பட்டது எனலாம்.

1957இல் வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் பள்ளத்தின் இரு சுவர்களையும் 45 பாகைச் சாய்வில் செதுக்கும் முறையைக் காட்டியது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. அவ்வாண்டே வியன்னாவின் சோஃபியன்சால் மண்டபத்தில் டெக்கா நிறுவனத்தின் ஜான் கல்ஷா, சொல்ட்டி நடத்திய வாக்னரின் ஓபராவைப் பதியத் தொடங்கினார். தரையில் கட்டங்கள் வரைந்து எண்ணிட்டு, எந்த வரியில் எந்தப் பாடகர் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்று வகுத்தார். நாடக மேடை எதுவும் இல்லாமலே கேட்பவரின் செவிக்குள் ஒரு நாடக மேடை உருவானது. நாம் வீட்டில் கேட்கும் அகலமும் ஆழமும் இவ்வாறு ஒலிவாங்கியை வைத்தவர், கலவை செய்தவர், மண்டபத்தைத் தேர்ந்தவர் ஆகியோரின் கைவேலை. தட்டில் செதுக்கப்படாத அரங்கைத் தட்டை இயக்கும் கருவி உண்டாக்க முடியாது.

*

குறுந்தகடு இந்த வரலாற்றில் பிந்தி வந்தது. 1979 மார்ச்சில் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஃபிலிப்ஸ் அதை முதலில் காட்டியது. சோனி உடன் சேர்ந்தது. 1980இல் இரு நிறுவனங்களும் பொது அளவுகளை முடிவு செய்தன. ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு தடத்திலும் 44,100 முறை அலையின் உயரம் அளக்கப்படும். ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக எழுதப்படும். 44,100 என்பது விந்தையான எண். டிஜிட்டல் ஒலியை அந்நாளில் வீடியோ நாடாவில் பதிந்தார்கள். ஒரு வீடியோ வரிக்கு 3 அளவுகள், 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள் என்று பெருக்கினால் 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 3, 294, 50 என்று பெருக்கினாலும் அதுவே வரும்.

1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். 1983 மார்ச்சில் ஃபிலிப்ஸின் சிடி100 ஐரோப்பாவில் கிடைத்தது. இரண்டும் ஒரே தட்டை இயக்கின. உள்ளே இருந்த வழிகள் வேறு. எண்களை மீண்டும் மின்னலையாக மாற்றும் டாக் என்னும் சில்லு அன்று மிக விலையுயர்ந்தது. சோனி 16 பிட் சில்லு ஒன்றை மட்டும் வைத்து, அதை இடத்தடத்துக்கும் வலத்தடத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்தியது. ஃபிலிப்ஸிடம் 14 பிட் சில்லுதான் இருந்தது. ஆனால் தடத்துக்கு ஒன்றாக இரண்டை வைத்து, அளவுகளை நான்கு மடங்கு வேகத்தில் கணக்கிட்டு ஓட்டி, 16 பிட்டுக்கு நிகரான தரத்தைப் பெற்றது.

சோனியின் வழியில் ஒரு பக்கவிளைவு இருந்தது. ஒரு தடம் மற்றொன்றைவிட அரை அளவுக் காலம் தாழ்ந்து வந்தது. 44,100இல் ஒரு பங்கு என்பது 22.7 மைக்ரோ நொடி. அதில் பாதி ஏறத்தாழ 11. மேலே நினைவில் வைக்கச் சொன்ன எண்ணுக்கு இது மிக அருகில் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கருவி ஒலியரங்கைக் கெடுத்ததா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 11.3 மைக்ரோ நொடியில் ஒலி காற்றில் செல்லும் தூரம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைந்திருந்தால், தலையை 4 மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகர்த்தினால் இதே கால வேறுபாடு உண்டாகிவிடும். மூச்சு விடும்போதே தலை அவ்வளவு அசையும். ஆகவே ஒலிபெருக்கி வழியே கேட்பவருக்கு இந்தப் பிழை பொருட்டன்று. இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டி மோனோவாகக் கேட்டால் மட்டும் உச்ச சுருதியான 20,000 ஹெர்ட்ஸில் 2.4 டெசிபெல் அளவுக்குக் குறைவு ஏற்படும். தடத்துக்கு ஒரு மாற்றி என்பது பின்னர் பொது வழக்கமாகிவிட்டது.

இங்கே பரவலான ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். அளவுகளுக்கு நடுவே 22.7 மைக்ரோ நொடி இடைவெளி இருப்பதால் அதைவிடச் சிறிய கால வேறுபாட்டைக் குறுந்தகடு காட்டவே இயலாது என்று சிலர் எழுதுவதுண்டு. இது சரியன்று. 20,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அலை, புள்ளிகளுக்கு நடுவே எங்கு உச்சம் பெறுகிறது என்பது அப்புள்ளிகளின் உயரங்களிலேயே அடங்கியிருக்கிறது. 16 பிட் நுட்பத்தில் ஒரு மைக்ரோ நொடிக்கும் வெகு குறைந்த வேறுபாடுகளும் அதில் பதிவாகும். கோலத்தில் புள்ளிகள் தள்ளித்தள்ளி இருப்பதால் இழை வளைவது தடைப்படுவதில்லை அல்லவா?

இடத்தடம் வலத்தடத்தில் கசிவதும் அவ்வாறே. நல்ல ஊசி கொண்ட கிராமஃபோனில் இரு தடங்களுக்கும் இடையே 25 முதல் 30 டெசிபெல் பிரிவு கிடைக்கும். சிடி பிளேயரில் 90 டெசிபெல் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஒரு வாத்தியத்தை முழுதும் ஒரு பெட்டியின் பக்கம் ஒதுக்க 15 முதல் 18 டெசிபெல் வேறுபாடே போதும். தேவைக்கு மேற்பட்ட பிரிவு அரங்கை மேலும் அகலமாக்குவதில்லை.

*

இவ்வளவு இருந்தும் இந்தக் கருவியில் அரங்கு விரிகிறது, அதில் சுருங்குகிறது என்று மக்கள் மனமார உணர்ந்து சொல்கிறார்களே, அவர்கள் பொய்யர்களா? அல்லர். இங்கே சொல்லின் வரலாறும் வருகிறது. 1962இல் கார்டன் ஹோல்ட் தொடங்கிய ஸ்டீரியோஃபைல், 1973இல் ஹாரி பியர்சன் தொடங்கிய தி அப்சொல்யூட் சவுண்ட் ஆகிய அமெரிக்க இதழ்கள் அளவுமானிகளை நம்பாது செவியை நம்புவோம் என்று அறிவித்தன. கேட்ட அனுபவத்தை எழுத ஒரு சொற்களஞ்சியத்தை உண்டாக்கின. அரங்கின் அகலம், ஆழம், வாத்தியங்களைச் சூழ்ந்த காற்று, பின்னணியின் கருமை முதலியன அவற்றால் பரவின. இலக்கிய விமர்சனம் படித்த நமக்கு இது அந்நியமன்று. நயம் பாராட்டும் மொழி, படைப்பைக் காணக் கண் தருகிறது. அதே மொழி, படைப்பில் இல்லாததையும் காட்டிவிடுகிறது. உரையாசிரியர் ஏற்றிய பொருளை மூலத்தின் பொருளாகவே நம்பிய மாணவர்களை வகுப்பறைகளில் நாம் காண்கிறோம்.

இதைச் சோதிக்க ஒரு வழி, எந்தக் கருவி ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல், ஒலியளவைச் சமமாக்கிக் கேட்கவைப்பது. சமமாக்குதல் இன்றியமையாதது. அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதை நாம் உரத்த ஒலியாக உணர்வதில்லை. மேலான ஒலியாக உணர்கிறோம். 2007இல் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தர எஸ்ஏசிடி ஒலியும், அதே ஒலி குறுந்தகட்டின் 16 பிட் அளவுக்குக் குறைக்கப்பட்டதும் மாறி மாறி ஒலிக்கப்பட்டன. 554 முயற்சிகளில் 276 முறை மட்டுமே சரியாகச் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டினாலும் இதே எண்ணிக்கைதான் வரும். இவ்வாய்வுக்கு எதிர்ப்பும் எழுந்தது. 2016இல் ஜோஷுவா ரீஸ் 18 சோதனைகளைத் தொகுத்து, 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகளில் சரியான விடை 52.3 விழுக்காடு என்று காட்டினார். வேறுபாடு இருக்கிறது, ஆனால் அது இவ்வளவு மெலிதானது என்று அதைப் படிப்பதே முறை.

கடிகாரத் துடிப்பின் நடுக்கம், அதாவது ஜிட்டர், 1990களில் பெரும் அச்சமாக எழுந்தது. 2005இல் ஜப்பானிய ஆய்வாளர் அஷிஹாராவும் உடனுழைத்தோரும் அளந்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கே இசையில் சில நூறு நானோ நொடி அளவுக்கு மேல்தான் அது புலப்பட்டது. சாதாரண நல்ல சிடி பிளேயரில் நடுக்கம் பெரும்பாலும் ஒரு நானோ நொடியை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும்.

*

ஆகவே தேர்வுக்கு வருவோம். பழுதில்லாத எந்த சிடி பிளேயரும் தட்டில் உள்ள அரங்கை ஏறத்தாழ முழுமையாக வெளியே கொண்டுவந்துவிடும். அதிலிருந்து அறை வரை வரும் வழியில்தான் இழப்பு நேர்கிறது. சுவரில் மோதித் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியின் பின்னாலேயே சில ஆயிரத்திலொரு நொடிகளில் வந்து சேர்கிறது. முதலில் வந்ததன் திசையையே செவி ஏற்கும் என்பதை 1949இல் ஹெல்முட் ஹாஸ் விளக்கினார். ஆயினும் பின்வரும் ஒலி வலுவாக இருந்தால் பிம்பம் பருத்து மங்கும். பெட்டிகளைப் பக்கச்சுவரிலிருந்தும் பின்சுவரிலிருந்தும் விலக்கி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் கேட்பவர் வரையுள்ள தூரமும் சமமாக இருக்குமாறு வைத்து, ஒலி மோதும் பக்கச்சுவர்ப் பகுதியில் புத்தக அலமாரியையோ கனத்த திரையையோ நிறுத்தினால் உண்டாகும் மாற்றத்தை எந்தச் சோதனையுமின்றிச் செவி உணரும். நம் வாசகர்களின் வீடுகளில் புத்தக அலமாரிக்குப் பஞ்சம் இராது.

கையிலுள்ள கருவியில் குறை உண்டா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பழைய மோனோ பதிவு அடங்கிய தட்டொன்றை ஒலிக்கவிட்டு முக்கோணத்தின் உச்சியில் அமரவும். குரல் இரு பெட்டிகளுக்கும் சரிநடுவில் ஒரு மெல்லிய புள்ளியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், பிளேயரின் பின்னால் உள்ள இட, வலக் கம்பிகளை மாற்றிச் செருகவும். சாய்வும் பக்கம் மாறினால் குறை பிளேயரில் இருக்கிறது. சாய்வு அதே பக்கம் நின்றால் குறை ஆம்ப்ளிஃபையரிலோ பெட்டியிலோ அறையிலோ இருக்கிறது. அப்படியாயின் புதிய பிளேயர் வாங்கிப் பயனில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால் அரங்கைக் கேட்டுத் தேர்வதைவிட இயந்திரத்தைப் பார்த்துத் தேர்வது மேல். கீறல் விழுந்த தட்டுகளைத் தடுமாறாமல் படிக்கிறதா, தட்டு ஏந்தும் தட்டம் உறுதியாக இயங்குகிறதா, லேசர் பகுதிக்கு மாற்று கிடைக்குமா, டிஜிட்டல் வெளியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுந்தகட்டின் பிழைதிருத்தும் முறை ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளப் பழுதையும் முற்றாகச் சரிசெய்துவிடும். அதற்கு மேற்பட்டால் கருவி விடுபட்டதை ஊகித்து நிரப்புகிறது. லேசர் தேய்ந்த பழைய கருவியில் இந்த ஊகம் பெருகும். இணைய வழிக் கேட்பு பெருகி, 2020இல் அமெரிக்காவில் கிராமஃபோன் தட்டுகளின் வருவாயே குறுந்தகட்டை விஞ்சிவிட்ட பிறகு, புதிய பிளேயர்களைச் செய்வோர் குறைந்துவிட்டனர். உதிரி பாகம் கிடைப்பதே இனி முதன்மையான தரம்.

மிஞ்சிய பணத்தில் தட்டுகள் வாங்கலாம். 1958இல் சோஃபியன்சாலில் பதியத் தொடங்கிய அந்த வாக்னர் ஓபரா இன்றும் குறுந்தகட்டில் கிடைக்கிறது. அந்த மண்டபம் 2001இல் தீயில் பெரும்பகுதி அழிந்தது. தரையில் எண்ணிட்ட கட்டங்களில் நின்று பாடியவர்கள் நின்ற இடம் மட்டும் அந்தத் தட்டில் அப்படியே இருக்கிறது. பெட்டிகளைச் சற்றுச் சுவரிலிருந்து தள்ளி வைத்துக் கேட்டால் போதும்.